பட்டுத் துணியில் சுற்றிய டிஸ்க்

"இவ்வளவு விலைக்கு ஒரு கம்பியூட்டரோ? வேண்டாமப்பா, வாங்கோ வீட்டை போவம்."

கதிரையில் சரியாக உட்காரும் முன்பே இரஞ்சிதம் தொடங்கிவிட்டார். அவருடைய கணவர் அம்பிகைபாகன் அசையவில்லை. பேராதனையில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர். யாரோ எதிர்த்தார் என்று ஃபைலை மூடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

கண்டி நகரத்தில் மஹ்ரூப்பின் கம்பியூட்டர் கடை அது. கனடாவில் இருக்கும் மகள் காசு அனுப்பி வாங்கிய பெரிய டீவி மஹய்யாவவிலுள்ள அவர்கள் வீட்டில் இருந்தது. அதோடு பொருத்த மலிவாக ஒரு கம்பியூட்டர் வேண்டும்.

"படம் பார்க்கவா சேர்?" என்றான் மஹ்ரூப்.

"ஒரேயொரு படம்தான் தம்பி. என்ரை மகன்ரை."

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்தில் மகளின் கல்யாணம் நடந்தது. அவளுடைய தம்பி துவாரகன் பாட்டும் பகிடியுமாக வீட்டையே இரண்டாக்கினான். இரவல் கமராவில் எடுத்த வீடியோ அது. வேறு பிரதி இல்லை. அது இருந்த பழைய கம்பியூட்டர் பழுதானபோது அதன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் கொழும்புக்கு இன்டர்வியூவுக்குப் போன துவாரகன் திரும்பி வரவேயில்லை. பொலிஸ், செஞ்சிலுவைச் சங்கம், கோயில் என்று ஏறாத படி இல்லை. அவனுடைய குரல் மிச்சமிருப்பது அந்த டிஸ்க்கில் மட்டும்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் பிறந்தநாள்.

"இந்த கிராஃபிக்ஸ் கார்டைப் போட்டா டீவியில படம் கண்ணாடி மாதிரித் தெரியும்" என்றான் மஹ்ரூப்.

"என்ன விலை?" என்றார் இரஞ்சிதம்.

மஹ்ரூப் சொன்னான்.

"ஐயோ, வேண்டாம்."

"அப்ப கார்ட் வாணாம் டீச்சர். மதர்போர்ட்டோட வர்றதே போதும். ப்ராசசரும் சின்னதாப் போடுவோம்."

"அதுக்குள்ளை ஃபேன் இரையுமே. பிறகு பிள்ளையின்ரை குரல் எப்பிடிக் கேக்கும்?"

"பெரிய ஃபேனாப் போட்டா மெதுவாத்தான் சுத்தும். சத்தமே வராது."

"ஆனையை வாங்கிப்போட்டு அங்குசத்துக்கு யோசிக்கிறீர்!" அம்பிகைபாகன் சிரித்தார். இரஞ்சிதம் கணக்கு டீச்சராக இருந்தவர். இன்றைக்கு எந்தக் கணக்கிலும் பிழைதான் பிடிக்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"புதுக் கம்பியூட்டரிலை பழைய டிஸ்க் பொருந்தாதாம்" என்று கடைசியாக ஒன்றைப் போட்டார் இரஞ்சிதம்.

"பழைய டிஸ்க் வயர் குத்துற மதர்போர்ட் ஒண்டு நம்மக்கிட்ட இரிக்கி டீச்சர். செகண்ட் ஹேண்ட்தான், ஆனா நல்ல சாமான். எல்லாம் சேர்த்தாலும் முதல் சொன்ன விலையில பாதிதான் வரும்."

மஹ்ரூப் அம்பிகைபாகன் பக்கம் திரும்பினான்.

"டிஸ்க் வீட்டிலயா சேர்? இருந்தா இப்பவே பொருத்திப் பார்க்கலாம்."

அம்பிகைபாகன் பைக்குள் கைவிட்டு, பட்டுத் துணியால் சுற்றி நூலால் இறுகக் கட்டிய பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். தூசி பட்டால் பழுதாகிவிடும் என்று இரண்டு வருடமாக அவரை அதைத் தொடவும் விட்டதில்லை இரஞ்சிதம். சாமிப் படத்தடியில் வைத்து வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு விளக்கேற்றி வந்தார்.

"அதை ஏனப்பா கொண்டு வந்தனீங்கள்?" இரஞ்சிதம் எழும்பிவிட்டார். "இஞ்சை அவிழ்க்காதேங்கோ!"

"கொஞ்சம் பொறும். பிள்ளையைப் பார்க்கப் போறம்."

மஹ்ரூப் நூலை வெட்டினான். துணி விரிந்தது.

உள்ளே, தேய்த்துத் தேய்த்து மட்டமாக்கிய ஒரு செங்கல் துண்டு இருந்தது.

அம்பிகைபாகன் மனைவியைப் பார்த்தார். இரஞ்சிதம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"முந்தி ஒருக்கால் எங்கட பக்கம் ஆமிக்காரர் வீடு வீடாச் செக்கிங் எண்டு சொல்லிச்சினம். கல்யாண வீட்டுக்குப் பின்னாலை ரோட்டிலை கட்டியிருந்த புலிக்கொடியெல்லாம் அந்த வீடியோவிலை விழுந்திருந்தது. பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்ட பயத்திலை அந்த டிஸ்க்கை மகாவலி ஆத்திலை எறிஞ்சிட்டன். கடைசியிலை அவங்கள் எங்கட லேனுக்கு வரவேயில்லை." அவர் பட்டுத் துணியை இழுத்துச் செங்கல்லை மூடினார். "அப்ப அவன் வீட்டிலைதானேயப்பா இருந்தவன். இன்னொருக்கால் வீடியோ எடுக்கலாம் எண்டு நினைச்சிட்டன்."