மேற்கு வளை

அந்தப் புற்றில் எல்லாமே பொது வேலை. மழைக்கு மழை இடிந்து விழும் மேற்கு வளைக்கு மண் பூசிப் பூசிச் செந்தலைக் கறையானுக்கு அலுத்துவிட்டது.

"இந்தப் பக்கம் யாரு வர்றா? மூடிடலாம்."

"எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடு," என்றது கூர்வாய்க் கறையான்.

வழக்கப்படி செந்தலை சுவரில் தலையை முட்டி, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று தட்டியது. பதில் இல்லை. மூடிவிட்டன.

மறுநாள் அந்தச் சுவருக்குள்ளிருந்து டொக், டொக்டொக் என்றது.

"மண்ணு காயுற சத்தம்," என்றது கூர்வாய்.

செந்தலை சுவரில் தலையை வைத்துக் கேட்டது. அது பழைய தட்டு, முன்பு எல்லாரும் தலையால் தட்டிப் பேசிய மொழி. இனிமேல் புதுத் தட்டு மட்டும் போதுமென்று போன மழைக்கே புற்றில் கூடிப் பேசி முடிவு செய்திருந்தன. நேற்று அது கேட்ட கேள்வியும் புதுத் தட்டில்தான். உள்ளே இருந்த, பழைய தட்டு மட்டுமே தெரிந்த கிழட்டுக் கறையான்களுக்கு அது புரிந்தே இருக்காது.

"நாங்க இருக்கோம்," என்று தட்டிக்கொண்டே இருந்தன.

செந்தலை யாரிடமும் சொல்லாமல், அந்தச் சுவரை ஒட்டிய ஒடுங்கிய பாதைக்குள் தனியாக ஓடி, "பொறுங்க, திறக்கிறேன்," என்று பழைய தட்டில் தட்டியது.

பின்னாலிருந்து கூர்வாய் முறைப்படி புதுத் தட்டில் கேட்டது: "உள்ளே யாராவது இருக்கீங்களா?"

பதறிப்போன செந்தலையின் தலை பழைய தட்டையே தட்டியது.

"யாருமில்லை," என்றது கூர்வாய். "இதையும் பூசிடுங்க."