உறவு: டெய்லர்

வனக்காவலர் அம்மா விசில் ஊதியதும், கண்ணைக் கட்டிக்கொண்ட பன்னிரண்டு அப்பாக்கள் மரங்களுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தோம்.

பன்னிரண்டு அப்பாக்கள் என்பது ஒரு பேச்சுக்கு. சரியாகச் சொன்னால் பதினொரு அப்பாக்கள், ஒரு டெய்லர்.

டெய்லர் நான்தான். கல்யாணமாகி எட்டு மாதம். மனைவியோடு பத்து வயதில் ஒரு மகளும் வந்தாள். வந்த நாளிலிருந்து அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமுவாள். நான் நிமிர்ந்து பார்க்க வேண்டும். போனில் யாராவது என்னைக் கேட்டால், டெய்லர் வெளியே போயிருக்கார் என்பாள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

ஒரே ஒரு தரம் கூப்பிட்டுவிட மாட்டாளா என்று எட்டு மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தேன்.

குடும்பத்தோடு காட்டு உலா, அனுமதி இலவசம் என்ற நோட்டீசைக் கொண்டுவந்து நீட்டியது மனைவிதான். அவள் நர்ஸ். அன்றைக்குப் பார்த்து அவளுக்கு டியூட்டி. டியூட்டி என்று தெரிந்துதான் நீட்டினாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நுழைவிடத்து மேஜையில் மகள்தான் படிவத்தை நிரப்பினாள். உடன் வந்தவர் என்ன உறவு என்ற கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு 'டெய்லர்' என்று எழுதினாள். வனக்காவலர் அம்மா படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரையைக் குத்திவிட்டார்.

வலித்தது. சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

விளையாட்டு இதுதான். பிள்ளை ஒரு மரத்தடியில் நின்று குரல் கொடுக்கும். கண் கட்டிய அப்பா அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே போய் மரத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

பையில் தடிமனாக ஒரு துண்டு இருந்தது. மகள் அதை ஒதுக்கிவிட்டு அம்மாவின் நீல ஸ்கார்ஃபை எடுத்து, எக்கி நின்று என் கண்ணைக் கட்டினாள். ஓடிப்போய் மரத்தடியில் நின்றுகொண்டாள்.

அப்புறம் நடந்ததுதான் களேபரம்.

ஒரு பிள்ளை "அப்பா, லெஃப்ட்!" என்று கத்தினால் பதினொரு பேரும் லெஃப்டில் திரும்பினார்கள். தபால்காரர் மூன்று முறை கிளம்பி மூன்று முறையும் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தார். கொத்தனார் பாய்ந்துபோய் தபால்காரரின் தொப்பையைக் கட்டிக்கொண்டு, கிடைச்சிருச்சு என்று கூவினார். பேங்க் மேனேஜர் ஒரு குப்பைத்தொட்டியைத் தழுவிக்கொண்டு விடவே மாட்டேன் என்றார். பிள்ளைகள் சருகில் விழுந்து புரண்டு சிரித்தார்கள்.

என் மகள் மட்டும் கூப்பிடவில்லை. கை தட்டினாள்.

கைதட்டல் வலப்பக்கம் கேட்டது. நான் இடப்பக்கம் நடந்தேன். அங்கே முந்தின நாள் மழைத்தண்ணீர் குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. முழங்கால் ஆழம், காப்பி நிறம்.

அவள் பலமாகத் தட்டினாள். நான் நடையை எட்டிப் போட்டேன். அவள் படபடவென்று தட்டினாள். நான் கையை வீசிக்கொண்டு நடந்தேன். குட்டைக்கு இன்னும் நாலு எட்டு.

மூணு. கைதட்டல் நின்றுவிட்டது.

ரெண்டு.

"டெய்லரப்பா! நில்லு! தண்ணி!"

மற்ற பதினொரு பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அது எனக்கே எனக்கான பெயர்.

நான் நின்றிருக்கலாம். கால் நின்றால்தானே? சந்தோஷத்தில் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தொப்பென்று விழுந்தேன். ஓடிவந்து கை கொடுத்தவளும் வழுக்கி என் மேலேயே விழுந்தாள். மூக்கெல்லாம் சேறு. அவள் சிரிக்க நான் சிரிக்க, எழுந்திருக்கவே வெகுநேரம் ஆனது.

இரண்டாவது விசில். இப்போது பிள்ளைகளுக்குக் கண் கட்ட வேண்டும். நான் ஸ்கார்ஃபைப் பிழிந்து உதறி, அவள் பின்னால் போய் நின்றேன்.

"ரெண்டா மடிச்சுக் கட்டு. ஒத்தையாக் கட்டினா எல்லாம் தெரியும். நான் வீட்டுலயே கட்டிப் பார்த்துட்டேன்."

என் கை அப்படியே நின்றுவிட்டது.

இருபது வருஷமாகத் துணியோடு கிடப்பவன் நான். அவள் முடிச்சுப் போட்ட நொடியே எனக்கு எல்லாம் தெரிந்தது. தபால்காரரின் தொப்பை தெரிந்தது, குட்டை தெரிந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு கை தட்டும் அவளும் தெரிந்தாள். இப்போதாவது கூப்பிட மாட்டாளா என்றுதான் தண்ணீரைப் பார்த்து நடந்தேன். என்னவோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கண் தெரியும் என்று தெரிந்தேதான் அவள் கூப்பிட்டிருக்கிறாள்.

இரண்டாக மடித்துக் கட்டினேன். நல்ல இறுக்கமாகவே கட்டினேன். ஓடிப்போய் மரத்தடியில் நின்றேன்.

இப்போது கூப்பிட வேண்டியது நான். அவள் பெயர் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் தொண்டையைத்தான் செருமினேன். அதற்கு மேல் சத்தம் வரவில்லை.

அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் அவள் நேராக என்னிடம் வந்தாள்.