மாஸ்டரின் முதல் பாடம்

“என் பொண்ணைக் கொல்லத்தான் கட்டிக்கிட்டுப் போனியாடா, பாவி!”

அவசர சிகிச்சைப் பிரிவே அதிர்ந்தது. கத்தியவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கட்டிலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவன் அவர் மருமகன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். அவர்கள் வீட்டுக் கார் பாலத்துச் சுவரில் மோதி, பின் சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்த மகளுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது.

நர்சுக்கும் அவன்மேல் எரிச்சல்தான். வாரத்துக்கு நாலு பேர் இப்படி வந்து விழுகிறார்கள், துடைப்பதும் தைப்பதும் இவள் தலையில்! ஏர்பேக் வெடித்து அவன் சட்டையில் கொட்டியிருந்த வெள்ளைப் பொடியைத் தட்டிவிட்டாள். சட்டையைக் கழற்றியபோது, இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை பெல்ட் அழுத்திய தடம் கன்றிப்போயிருந்தது. அதில் மருந்து தடவினாள்.

“பெல்ட்டும் ஏர்பேக்கும் இல்லேன்னா இந்நேரம் நீ பொணம், தெரியுமில்ல?” என்றாள் வெடுக்கென்று. “பின்னாடி உக்காந்த பொண்டாட்டிக்கு, பெல்ட் போடுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிச்சுதா?”

அவன் ஆபரேஷன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போலீஸ்காரர் நோட்டை விரித்தார். “யாரு ஓட்டினது?”

“நான்தான் சார்.”

“கேஸ் ஆனா லைசென்ஸ் போயிடும். அப்புறம் எந்த பஸ்ஸையும் தொட முடியாது.”

அவன் தலையாட்டினான்.

“போகட்டும் சார், எழுதுங்க!” மாஸ்டர் எகிறினார். “நாப்பது வருஷமா ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தவன் நான். இவனை மாப்பிள்ளைன்னு சொல்லிக்கவே வெக்கமா இருக்கு. பாடம் நடத்திக்கிட்டிருந்தவன், சேதி கேட்டு அப்படியே பாதியில போட்டுட்டு ஓடி வர்றேன்!”

அவருடைய கறுப்புச் சட்டை முழுக்க சாக்பீஸ் பொடிபோல வெள்ளை. கத்திய கத்தலில் இருமல் வந்து, முகத்தைச் சுளித்தபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மருந்து தடவிக்கொண்டிருந்த நர்சின் கை சட்டென்று நின்றது.

“மாஸ்டர், ஒரு சந்தேகம். டிரைவர் சீட்டுல பெல்ட் எந்தத் தோள் மேல வரும்?”

“என்னம்மா கேள்வி இது? நம்ம வண்டியில டிரைவர் உக்கார்றது வலது பக்கம். பெல்ட்டும் வலது தோள் மேலதான் வரும். பக்கத்துல உக்கார்றவனுக்கு இடது தோள். முதல் நாள் பாடமே இதுதாம்மா!”

பழக்கதோஷம். முப்பது பேர் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் கணீரென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் மருமகனின் தோளைப் பார்த்தார். போலீஸ்காரரும் பார்த்தார்.

“சிஸ்டர், விட்டுடுங்க...” என்று முனகினான் மருமகன்.

நர்சுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. இத்தனை நேரம் யாரைப் போய்த் திட்டிக்கொண்டிருந்தோம்! நேரே மாஸ்டரிடம் போய், அவர் சட்டையில் இருந்த பொடியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அது சாக்பீஸ் இல்லை; மருமகன் சட்டையிலிருந்து தட்டிவிட்ட அதே பொடி.

“சட்டையைக் கழட்டுங்க, மாஸ்டர்.”