மானுக்கு வைத்த தண்ணீர்

புருஷனைக் கொன்ற மானுக்கே தண்ணீர் வைக்கிறாளாம். சொல்லட்டும். வாய் வலிக்கிறவரை சொல்லட்டும்.

திலகவதி சிமெண்டுத் தொட்டியின் பாசியைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில் விரல் முட்டி உரிந்து எரிந்தது. அந்த எரிச்சல்கூட இப்போது வேண்டியிருந்தது.

தைலமரக்காட்டை ஒட்டிய அவளுடைய மூன்று ஏக்கரில், இந்த ஒரு வருடமாக மனிதர் சாப்பிட எதுவும் விளையவில்லை. கொள்ளும் தட்டைப்பயறும் விதைத்து, அறுக்காமல் புள்ளிமான்களுக்கு விட்டிருந்தாள். மயில் அடையும் சூரைப் புதர்களில் அரிவாள் வைக்கவில்லை. மயில்குஞ்சுகள் நின்று குடிக்கத் தொட்டிக்குள் கல் அடுக்கியிருந்தாள். வயிற்றுப்பாட்டுக்கு இரண்டு கறவை மாடுகள் இருந்தன.

கணவன் குணசேகரன் இருந்தவரை இதே நிலத்தில் கடலை போட்டு, இதே மான்களைத் தகரம் தட்டி விரட்டியவள்தான் அவள். அவன் போன பிறகு புத்தி பிசகிவிட்டது என்று ஊர் பேசியது.

போன பங்குனியில், விடியுமுன் மோட்டாரை நிறுத்தப் போனவனை, மான் குறுக்கே பாய்ந்து பைக்கோடு சாய்த்துவிட்டது என்றார்கள். முதலில் பார்த்துத் தூக்கி வந்தது அவன் தம்பி சேவுகன். ஆஸ்பத்திரியில் அண்ணனைக் கீறிப் பார்க்க விடமாட்டேன் என்று தெருவில் புரண்டு அழுதான். அந்த அழுகை பொய்யில்லை.

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது, கெண்டைக்காலில் கோடு இழுத்தாற்போல் கருத்திருந்ததைத் திலகவதி பார்த்தாள். பைக் சைலன்சர் சுட்டிருக்கும் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வரப்பில் செருப்புச் சத்தம் கேட்டது. சேவுகன் வந்தான். பின்னால் அடுத்த வயல்காரர் முனியசாமி.

முனியசாமிதான் ஆரம்பித்தார். ராத்திரி அவர் கடலைக் கொல்லையில் பாதியை மான்கள் மேய்ந்துவிட்டன. மீதியை மயில்கள் கிளறிப் போட்டுவிட்டன. இவள் போடுகிற விருந்துக்கு வருகிற கூட்டம், தாம்பூலத்துக்கு அவர் வயலுக்கு வருகிறது என்றார்.

"மயிலுக்கு முருகன் இருக்காரு. எங்களுக்கு யாரு இருக்கா, ஆத்தா?"

அவள் பாசித் தண்ணீரை வாளியில் மொண்டு கொட்டினாள். கொஞ்சம் சேவுகனின் வேட்டியில் தெறித்தது. தெறிக்கட்டும் என்றுதான் கொட்டினாள்.

சேவுகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுத்த வாரத்துக்குள் புதர்களை வெட்டிவிடலாம், தொட்டியை உடைத்துவிடலாம், டிராக்டர் தன் செலவு என்றான். ஏற்கெனவே முடிவாகிவிட்ட காரியத்தைத் தெரிவிக்கிற மாதிரி இருந்தது பேச்சு.

"எங்கண்ணனைக் கொன்னதுக மதினி இதுக. எனக்கு வயிறு எரியுது. ஒங்களுக்கு எரியலையா?"

எரிந்தது. ஒரு வருடமாக எரிகிறது. சோற்றில் கை வைக்கும்போதும், மாட்டின் மடியில் கை வைக்கும்போதும் எரிகிறது. கோபம் வந்தால் கத்திவிடுகிற பெண்களைப் பார்த்து அவள் பொறாமைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு மட்டும் கோபம் ஏற ஏற நாக்கு உள்ளே போய்விடும்.

ஆனால் சேவுகன் வந்தது புதர் வெட்ட மட்டும் இல்லை. மெதுவாக விஷயத்துக்கு வந்தான். தங்கள் வயல்களைச் சுற்றி மறுபடியும் கம்பி இழுக்கப் போகிறார்கள். பொழுது சாய்ந்தால் அதில் கரண்ட், விடிந்தால் நிறுத்திவிடலாம். அவன் வயலிலிருந்து இழுத்தால் இந்தப் பக்கம் எட்டாது. இவளுடைய மோட்டார் ரூமிலிருந்து ஒரு ஒயர் கொடுத்தால் போதும்.

போன வருடம் சேவுகன் இழுத்த கம்பி இருந்தவரை ஒரு செடி சேதமில்லை என்றார் முனியசாமி. "அண்ணன் போன துக்கம். அன்னைக்கே சுருட்டிப் பரணுல போட்டுட்டான், பாவம்."

சேவுகன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அவள் நிலத்துக்கு வருகிற வண்டிப்பாதை தன் வயல் வழியாகத்தான் போகிறது என்பதை ஞாபகப்படுத்தினான். பாதையை அடைத்தால் பால் கேனை எந்தப் பக்கமாகத் தூக்கிப் போவாள் என்று கேட்டான். அதைச் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"நாம ஒரே குடும்பம் மதினி. ரூம் சாவியக் குடுங்க."

கையை நீட்டினான். அண்ணனைத் தூக்கி வந்த அதே கை.

சாவி அவள் இடுப்பில் இருந்தது. புதருக்கு அப்பால் ஒரு பெண்மான் குட்டியோடு வந்து, ஆட்களைக் கண்டு காது விடைத்து நின்றது. முனியசாமி கல்லை எடுக்கக் குனிந்தார். திலகவதி அவரைப் பார்த்த பார்வையில், எடுக்காமல் நிமிர்ந்தார்.

அவள் குழாயைத் திறந்தாள். கழுவிய தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சேவுகனின் முகத்தை நேராகப் பார்த்தாள். குரல் உயரவே இல்லை.

"சாவி தர மாட்டேன் தம்பி. அவரு செத்த மாதிரி இதுகளும் சாக வேணாம்."