இறுக்கி அடித்த பலகை

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே இருசப்பா, பிளாஸ்டிக் பலகைன்னா ஓரத்துல கொஞ்சம் இடைவெளி விடணும்னு."

காண்ட்ராக்டர் திருச்செல்வம் ஜெராம் ஊருக்கு வந்ததே தன் வேலையாளோடு சண்டை போடத்தான். இசபெல் அம்மா வீட்டுச் சன்னல்களைச் சுற்றி இருசப்பன் அடித்த பலகைகளில் ஒரு குறை சொல்ல முடியாது. வாசல் சன்னலின் மேல்பலகை மட்டும் பொழுது சாய்ந்தால் 'டக்'கென்று தட்டுகிறதாம். போன வாரம் வந்து தங்கிய மகள் கிளாரிஸ்ஸா, இது வீடா பேய் பங்களாவா என்று போனில் அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டாள்.

"வெயில்ல நீளும், குளிர்ந்தா சுருங்கும். ஸ்க்ரூவை இப்படி இறுக்கினா தட்டாம என்ன செய்யும்? என் பேரு கெட்டுடும்லா."

இருசப்பன் தலையைக் குனிந்தபடி ஏணியைச் சுவரில் சாய்த்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

"என் தப்புதான் பாஸ்."

இசபெல் அம்மா உள்ளேயிருந்து வந்தார். "அது அப்படியே இருக்கட்டும் தம்பி. எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

"உங்க மக என்னை விடாதும்மா." திருச்செல்வம் ஏணியில் ஏறினார்.

வெயில் இறங்கிவிட்டிருந்தது. ஸ்க்ரூவைத் தொடப்போன நேரம் பலகை தட்டியது.

டக்.

இசபெல் அம்மா சட்டென்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். விறுவிறுவென்று போய் வாசல் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி அங்கேயே நின்றார்.

"யாரு வர்றாங்க?" திருச்செல்வம் கிசுகிசுத்தார்.

"யாரும் இல்ல பாஸ். அவங்க வீட்டுக்காரர் காப்ரியல் தோட்டத்துல செம்பனைப் பழம் ஏத்துற லோரி ஓட்டினவரு. வேலை முடிஞ்சு வந்தா சாவியால இந்தச் சன்னல்லதான் ரெண்டு தட்டுத் தட்டுவாராம். அவர் செத்து ரெண்டு வருசம் ஆச்சு." இருசப்பன் குரலைத் தாழ்த்தினான். "நான் முதல்ல தெரியாமத்தான் இறுக்கிட்டேன். மறுநாள் சரி பண்ண வந்தப்ப, வேணாம்னு கையைப் பிடிச்சுட்டாங்க. தட்டுறது பலகைன்னு அவங்களுக்கும் தெரியும் பாஸ். இருந்தாலும் மனசு கேக்கல."

கேட்டருகே ரோட்டையே பார்த்து நின்றவரைத் திருச்செல்வம் ஏணியிலிருந்து பார்த்தார். ஸ்க்ரூவிலிருந்து கையை எடுத்தார்.

"ரெண்டு தட்டுன்னா சொன்ன?"

"ஆமா பாஸ். இப்ப மகளுக்கு என்ன சொல்றது?"

"முதலாளிக்கும் தொழில் தெரியலன்னு சொல்லு" என்றபடி, பக்கத்துப் பலகையின் ஸ்க்ரூவையும் இறுக்க ஆரம்பித்தார் திருச்செல்வம்.