ஆறாம் வார்டு நாற்றம்

"நம்ம பொண்ணு என்ன அப்படிப்பட்டவளா?" என்றார் என் புருஷன், வாய் நிறைய மென்றுகொண்டே.

பள்ளியில் கொடுத்தனுப்பிய படிவம் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வராமல் தடுக்கிற ஊசி. இன்றைக்குத்தான் போடுகிறார்கள். அப்பாவோ அம்மாவோ சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

உடலுறவால் பரவும் கிருமி என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தார்.

லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் வெளியூர். மீதிப் பத்து நாளும் வீட்டில் உட்கார்ந்து ஒழுக்கம் பேசுவார்.

சாப்பிட்ட கையைச் சூப்பிவிட்டுப் பேனாவை எடுத்தார். 'என் மகள் ஒழுக்கமானவள். ஊசி தேவையில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். காகிதத்தில் எண்ணெய் ஊறியது.

"கொண்டுபோய் டீச்சர் மூஞ்சியில விட்டெறி."

மகளுக்குப் பதின்மூன்று வயது. அப்படிப்பட்டவள் என்றால் எப்படிப்பட்டவள் என்றுகூடத் தெரியாது. தெரியாமலே கூசிப்போய், படிவத்தோடு பின்கட்டுக்கு வந்தாள்.

எல்லாவற்றையும் கதவு வழியாகப் பார்த்தபடி நான் அங்கே வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எனக்குப் பன்னிரண்டு வருஷ வேலை. ரத்தம், சீழ், மலம் எல்லாம் கைக்குப் பழகிவிட்டது. ஆறாம் வார்டு மூட்டை மட்டும் பழகவில்லை. இந்தப் புற்றுநோய் முற்றிய பெண்கள் படுத்திருக்கிற வார்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த விரிப்பு எதுவென்று மோந்தே சொல்லிவிடுவேன். அழுகிய மீனை மூடிவைத்துத் திறந்த மாதிரி இருக்கும். மூன்று தண்ணீர் மாற்றினாலும் போகாது.

"உன் மூக்குக்குத்தான்டி டாக்டர் பட்டம் குடுக்கணும்" என்பாள் கூட வேலை பார்க்கிறவள்.

அந்த வார்டு வாசலோடு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிடுகிற புருஷன்களையும் பார்த்திருக்கிறேன். கிருமியைக் கொண்டுவந்தது யார் என்று எந்தப் படிவமும் அவர்களைக் கேட்டதில்லை.

உள்ளேயிருந்து ஏப்பம் கேட்டது. பின்னாலேயே குரல்.

"என்னடி இப்படி நாறுது? ஆஸ்பத்திரித் துணியை எல்லாம் எதுக்கு வீட்டுக்குத் தூக்கிட்டு வர்ற?"

சலவைக்கூடத்திலிருந்து ஒரு தலையணை உறையைக்கூட வெளியே எடுத்துவர முடியாது. பன்னிரண்டு வருஷமாக அது அவருக்கும் தெரியும்.

மகளிடமிருந்து படிவத்தை வாங்கினேன். அவர் எழுதியதன்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். கீழே, அம்மா என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஈரக்கை பட்டு மை கலங்கியது. ஆனாலும் படிக்கிற மாதிரி இருந்தது.

"அப்பா கேட்டா?"

"கேக்கட்டும். அவர்கிட்ட கேக்க எனக்கும் ஒண்ணு இருக்கு. நீ ஓடு, பஸ் போயிடும்."

அவள் பின்வாசல் வழியாகவே ஓடினாள்.

வாளித் தண்ணீரைக் கொட்டினேன். அது மூன்றாவது தண்ணீர். என் உள்பாவாடையைப் பிழிந்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். போகவில்லை.

இந்தப் பிறவியில் என்னைத் தொட்ட ஒரே ஆம்பளை, உள்ளே கைகழுவத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்.