எது சீக்கிரம் இளைக்கும்?

"ரெண்டு ஆபரேஷன்ல எதுங்க டாக்டரம்மா சீக்கிரம் இளைக்க வைக்கும்?"

மாதேவி இப்படிக் கேட்டதும், பக்கத்து நாற்காலியில் இருந்த கனகாவுக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

கீழ்த்தளத்தில் கனகாவின் புருஷன் சந்தோஷ்குமார் டயாலிசிஸ் மெஷினோடு கிடக்கிறான். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். இரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்.

அவனுடைய கூடப்பிறந்த அக்காதான் இந்த மாதேவி. தம்பி படுத்திருக்கும் அதே மைசூர் ஆஸ்பத்திரியில், மாடி ஏறி வந்து, உடம்பு இளைக்க வழி கேட்கிறாள். வீடு பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்ட கதைதான்.

"கீழ சும்மாதான உக்காந்திருக்கற, கூட வா புள்ள. டாக்டர் இங்கிலீஷ்ல சொன்னா எனக்கு வெளங்காது" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். புருஷனின் அக்காவை நங்கையா என்று மரியாதையாகக் கூப்பிடும் மார்டள்ளி ஊர்க் குடும்பம். மாட்டேன் என்று சொல்லிக் கனகாவுக்குப் பழக்கமில்லை.

டாக்டர் பத்மாஸினி மேல்கோட்டைத் தமிழ்க்காரர். இங்கிலீஷுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஒரு தாளில் வயிற்றை வரைந்து காட்டினார்.

"இது ஸ்லீவ். இரைப்பையிலே முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துடுவோம். மிச்சம் வாழைப்பழம் மாதிரி நீளமா நிக்கும். வெட்டினது வெட்டினதுதான், திரும்ப ஒட்ட முடியாது. இன்னொண்ணு பைபாஸ். மேலே சின்னப் பையாப் பிரிச்சு, அதை நேரா குடலோட சேர்த்துடுவோம். உங்களுக்கு நெஞ்செரிச்சல் உண்டா?"

"பத்து வருசமா இருக்குதுங்க."

"அப்போ பைபாஸ்தான் சரி. ஸ்லீவ் பண்ணினா எரிச்சல் ஜாஸ்தியாகும், ஆயுசுக்கும் மாத்திரைதான். எடையும் பைபாஸ்லே கொஞ்சம் கூடவே குறையும்."

கனகா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தை மாதம் மாதேவியின் மகள் மோகனப்ரியாவுக்குக் கல்யாணம். பெண்ணின் அம்மா நூற்றெட்டுக் கிலோவோடு மேடையில் நின்றால் போட்டோ நன்றாக வராதாக்கும்!

போன வருஷம் நடந்ததை அவள் மறக்கவில்லை. "என் கிட்னிய எடுத்துக்குங்க" என்று கனகாதான் முதலில் போய் நின்றாள். சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் மாதேவி போனாள். தம்பியும் அவளும் ஒரே ரத்த வகை. போன வேகத்தில் திரும்பி வந்து, "எனக்கும் ஒத்து வராதுன்னுட்டாங்க" என்றாள், கனகாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

ஒத்து வராதாம்! கனகாவின் கல்யாணத்தில் அக்காவும் தம்பியுமாக ஒரே சேலையின் இரண்டு முனையைப் பிடித்து நின்று இணைச்சீர் செய்தவர்கள். சீர்ச்சேலையை வாங்கிக்கொண்டு போனதோடு அந்த இணை முடிந்தது என்று கனகா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

இன்று காலைதான் கிட்னி டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "இதயம் தளர்ந்துக்கிட்டே போகுதும்மா. சீக்கிரம் மாத்தலைன்னா கஷ்டம்." கிட்னிக்குப் பதிந்து வைத்த வரிசையில் முன்னால் எத்தனையோ பேர். கனகா இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

"ஸ்லீவே பண்ணிருங்க" என்றாள் மாதேவி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் சொன்னது புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க. நெஞ்சு எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போவுது."

கனகாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க நங்கையா, டாக்டரம்மாவே பைபாஸ்ங்கறாங்க. அதுல இன்னும் நல்லா இளைக்குமாமா. கல்யாணப் போட்டோவுக்கு அதுதான எடுப்பா இருக்கும்?"

குத்தல் மாதேவிக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. அவள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பைபாஸ் செஞ்சா கிட்னியில கல்லு விழும்ங்கறாங்களே, நெசமுங்களா?"

"சில பேருக்கு வரும். தண்ணி நிறையக் குடிச்சா சமாளிக்கலாம். அதுக்குப் பயந்துண்டு யாராவது ஆயுசுக்கும் நெஞ்செரிச்சலை வாங்கிப்பாளா?"

"ஸ்லீவ் செஞ்சு எம்பது கிலோவுக்கு வர எத்தன நாளாகுமுங்க?"

"எட்டு மாசமாவது ஆகும். அதென்ன எம்பது கணக்கு?"

மாதேவி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எம்பதுக்கு வந்தா எடுத்துக்கறேன்னு கிட்னி டாக்டர் சொல்லியிருக்காருங்க. போன வருசம் எடையப் பாத்துத்தான் என்னத் திருப்பி அனுப்புனாங்க. அன்னையிலிருந்து ஒருவேளைச் சோறுதான். அப்பவும் எடை எறங்க மாட்டேங்குது. ஆவுதோ ஆவலையோன்னு இவகிட்டக்கூடச் சொல்லலீங்க. கல்லு விழுந்ததத் தம்பிக்கு எப்படிங்க குடுக்கறது?"

பிறகு கனகாவின் பக்கம் திரும்பினாள்.

"எட்டு மாசம் தாங்குவான்தான கனகா?"